ஏப்ரல் நடுப்பகுதி

ஏப்ரல் நடுப்பகுதியில் முடிவு தெரியும் என்றார்கள்.
நடுப்பகுதி என்றால் எது என்று
நானும் கெத்தினும் இரண்டு இரவு வாதாடினோம்.
பதினைந்து, என்றேன்.
பத்திலிருந்து இருபது வரை, என்றான்.
இன்று இருபத்திமூன்று.

வேல்ஸின் இந்த மூலையில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
குடை வைத்திருப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்.
அடுத்த வருடமும் இருப்பீர்களா என்று
வீட்டுக்காரர் ப்யூ இரண்டுமுறை கேட்டுவிட்டார்.
"அநேகமாக."
அந்தச் சொல்லுக்கு முன்பணம் எவ்வளவு என்று கேட்காமல்
போய்விட்டார், நல்ல மனிதர்.

நான் கேட்டிருப்பது மூன்றரை வருடம்,
மெனாய் நீரிணையின் மட்டிகளோடு.
ஓட்டை அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால்
வருடத்துக்கு ஒரு வளையம்.
இரை கிடைத்த கோடை அகலம்,
பட்டினிக் குளிர் ஒரு மயிர்க்கோடு.
அதைக்கொண்டு கடலின் சூட்டைப் பின்னோக்கி வாசிக்கலாம்.
இதை ஆயிரம் சொற்களில் எழுதினேன்.
பிறகு யாருக்கும் புரியும்படி இருநூறில்.
பிறகு, இதனால் உலகுக்கு என்ன லாபம் என்று நூறில்.
அந்த நூறில்தான் கொஞ்சம் பொய் சொன்னேன்.

மாலையில் மீன் வறுவல் கடை.
ஏப்ரன் பைக்குள் போன் அதிரும்போது
இரண்டு கையிலும் மாவு.
துடைத்து, திறந்து, பார்த்தால்
நூலகம்: நுண்ணோக்கியியல் கையேடு, ஒன்பது நாள் தாமதம்.
அதுவும் பல்கலைக்கழக முகவரியிலிருந்துதான் வருகிறது,
அதே சின்னம், அதே "அன்புள்ள லௌரி".
வினிகர் கூடுதலாகிவிட்டது என்று
ஒரு கிழவர் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா முன்பெல்லாம் கேட்பாள், ஏதாவது தெரிந்ததா என்று.
மார்ச்சுக்குப் பிறகு கேட்பதில்லை.
நாயின் படம் அனுப்புகிறாள்.
நாய் தூங்குகிறது. நாய் சோபாவில்.
நாய் மறுபடியும் தூங்குகிறது.
ஒவ்வொரு படமும் கேள்விக்குறியில் முடிகிறது,
அதன் வால் அப்படி.

கெத்தினுக்கு மலைமேல் கரிச்சேறு.
அதே நிதி, அதே குழு, எட்டே இடம்.
வியாழன் இரவு வந்து பார்த்தால்
எல்லாப் பாத்திரமும் கழுவியிருந்தான்.
நான் இரண்டு நாளாய் ஊறப்போட்டு ஒளிந்துதிரிந்த
அடிபிடித்த ஓட்ஸ் சட்டி உட்பட.
அப்போதே புரிந்தது.
"எப்போது வந்தது?"
"திங்கள்."
கட்டிப்பிடித்தேன். அவன் சட்டைக்கை ஈரம்,
என் முதுகெல்லாம் சோப்புநீர்.
சந்தோஷம்தான். பாதிக்குமேல் சந்தோஷம்.

எனக்கு வந்தது வெள்ளி மாலை, நாலு ஐம்பத்திரண்டுக்கு.
எட்டு நிமிடத்தில் அலுவலகம் பூட்டிவிடுவார்கள்,
கேள்வி கேட்க ஆளிருக்காது.
மகிழ்ச்சி என்ற சொல் இல்லை,
வருத்தம் என்ற சொல்லும் இல்லை.
காத்திருப்புப் பட்டியல். மூன்றாவது.

அதாவது எட்டில் மூன்றுபேருக்கு
இதைவிட நல்லதொன்று எங்காவது கிடைக்கவேண்டும்.
முகம் தெரியாதவர்களுக்கு நல்லது நடக்கட்டும் என்று
இத்தனை தீவிரமாக
நான் வேண்டிக்கொண்டதே இல்லை.

கெத்தின் பெர்கனுக்கும் எழுதிப்போட்டிருக்கிறான்.
நான் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை.
நார்வே வானிலையைப் பற்றி
இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சனிக்கிழமை அவன் மட்டி வாங்கிவந்தான், கொண்டாட,
அல்லது சமாதானத்துக்கு.
தொட்டியில் கொட்டி அலசினோம்.
வாய் திறந்து கிடப்பதைக் கத்திப்பிடியால் தட்டவேண்டும்,
மூடினால் உயிர், மூடாவிட்டால் குப்பை.
ஒன்று திறந்தே கிடந்தது.
தட்டினேன்.
இன்னொருமுறை தட்டினேன்.
அவன் எடுத்து எறியக் கை நீட்டினான்.

பொறு, என்றேன்.
சிலது மெதுவாகத்தான் மூடும்.